லெவரை முழுசாகத் தள்ளினால் எத்தனை சுற்று வருகிறது?

படகில் கரும்புகை வருகிறது, எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றட்டுமா என்று யாராவது அழைத்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். படகு ஓடும்போது வேகம் கூட்டும் லெவரை முழுசாகத் தள்ளினால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் போய் நிற்கிறது? பலரிடம் அதற்குப் பதில் இருக்காது. "நாங்க முழுசா தள்றதே இல்லையே" என்பார்கள். அந்த எண் தெரியாமல் இன்ஜெக்டரில் கை வைப்பது வீண் வேலை. புகைக்குக் காரணம் எஞ்சினுக்கு உள்ளே இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை, பல நேரம் அது எஞ்சினிலிருந்து போகும் சுழல்தண்டான சாஃப்டின் மறுமுனையில், தண்ணீருக்குள் சுற்றும் புரொப்பெல்லரில் இருக்கிறது.

எஞ்சின் பெயர்ப்பலகையில் இரண்டு எண்கள் சேர்ந்தே இருக்கும். 120 எச்.பி. (குதிரைத்திறன்), 2600 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டாவது யாருக்கும் நினைவில் இருக்காது. ஆனால் அந்த 120 எச்.பி. 2600-இல்தான் கிடைக்கும். 2000-இல் அதே எஞ்சினால் அவ்வளவு தர முடியாது. ஆகவே டேங்க் நிறைய டீசல், வழக்கமான சரக்கு, சுத்தமான அடிப்பகுதி, இவற்றோடு ஓடும்போது எஞ்சின் 2600-ஐத் தொட வேண்டும். ஓரிரு சதவீதம் தாண்டினால் இன்னும் நல்லது. 2500-ஐயே தாண்டவில்லை என்றால் புரொப்பெல்லர் பெரிசு. சர்ரென்று ஏறி 2750 பக்கம் போய், கவர்னர்தான் (டீசலைக் கூட்டிக் குறைத்துச் சுற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) பிடித்து நிறுத்துகிறது என்றால் புரொப்பெல்லர் சிறிசு.

சிறிசாக இருப்பதால் எஞ்சினுக்குப் பெரிய கேடு எதுவும் இல்லை. சத்தம் அதிகம், வேகம் குறைவு, கொடுத்த காசுக்கு முழுச் சக்தியும் வந்து சேராது. அவ்வளவுதான். பெரிசாக இருப்பதுதான் பிரச்சினை. அதனால் மிச்சக் கட்டுரை அதைப் பற்றியே.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. புரொப்பெல்லர் கேட்கிற சக்தி, சுற்றின் மூன்றாம் படிக்கு ஏற்பக் கூடும். சுற்று இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. பத்து சதவீதம் சுற்றைக் கூட்டினால் முப்பத்து மூன்று சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். லெவரை இழுத்து எண்பது சதவீத சுற்றுக்குக் கொண்டுவந்தால் பாதிச் சக்தியே போதும். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற கனமான படகுகளுக்கு இது ஏறக்குறைய சரியாக வரும். தண்ணீர்மேல் எழும்பி ஓடும் வேகப்படகுகளின் கதை கொஞ்சம் வேறு. விட்டத்தின் கணக்கு இதைவிடக் கடுமை: பிட்ச்சுக்கும் (வழுக்காமல் போனால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் கூட்டினால், அதே சுற்றில் கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏற்பக் கூடும். ஒரு இன்ச்தானே என்று யாராவது சொன்னால் இந்த ஐந்தாம் படியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் நேரில் பார்த்த ஒரு படகு. நாற்பது அடி, கனமான உடல். பல ஆண்டுகள் ஓடிய பழைய எஞ்சின் 100 எச்.பி., அதுவும் வெறும் 1500 சுற்றில். கியர்பாக்ஸ் ஒன்றரைக்கு ஒன்று, அதாவது எஞ்சின் ஒன்றரை சுற்று சுற்றினால் சாஃப்ட் ஒரு சுற்று. ஆக சாஃப்ட் சுற்று 1000. மூன்று இறக்கையுள்ள வெண்கலப் புரொப்பெல்லர், 25×17. அதாவது விட்டம் 25 இன்ச், பிட்ச் 17 இன்ச். அந்த எஞ்சினுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருந்தது. எஞ்சின் தேய்ந்துபோய், புதிதாக டர்போ (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) வைத்த ஒன்றை இறக்கினார்கள்: 120 எச்.பி., 2600 சுற்று, கூடவே இரண்டுக்கு ஒன்று கியர்பாக்ஸ். புரொப்பெல்லரை யாரும் தொடவில்லை. நல்லாத்தானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்? சக்தியும் இருபது எச்.பி. கூடுதல்தானே?

விற்றவர்கள் யாரும் சாஃப்ட் சுற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2600-ஐ இரண்டால் வகுத்தால் 1300. அதே புரொப்பெல்லரை இப்போது 1000-க்குப் பதிலாக 1300-இல் சுற்றச் சொல்கிறோம். 1.3-இன் மூன்றாம் படி ஏறக்குறைய 2.2. அதாவது 1000 சுற்றில் 100 எச்.பி. விழுங்கிய புரொப்பெல்லர் 1300-இல் 220 எச்.பி. கேட்கும். இருப்பதோ 120.

உரிமையாளர் என்னைக் கூப்பிட்டபோது எஞ்சின் புதுசு, புகை மட்டும் பழைய எஞ்சினைவிடக் கறுப்பு. டேஷ்போர்டு மீட்டர் முழு லெவரில் 2150 காட்டியது. அதை நான் நம்புவதில்லை. பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்கிற மீட்டர்கள் புல்லி அளவு மாறினாலும், பெல்ட் வழுக்கினாலும், அளவுதிருத்தம் சரியாகச் செய்யாவிட்டாலும் தப்பாகக் காட்டும். கிராங்க் புல்லியில் ஒளி திருப்பும் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒளிக்கற்றை டேக்கோமீட்டரால் பார்த்தேன். 2050. நூறு சுற்று பொய்! புரொப்பெல்லர் விஷயத்தில் நூறு சுற்று என்பது சாதாரணம் இல்லை. மீட்டரைச் சரிபார்க்காமல் புரொப்பெல்லரைத் தட்டிப் பிட்ச் மாற்றக் கொடுத்துவிட்டு, பிறகு மறுபடியும் தட்டக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் மூன்று விஷயங்களைப் பார்த்தேன். நியூட்ரலில் லெவரை முழுசாகத் தள்ளினால் எஞ்சின் 2800 வரை ஏறியது. கேபிள் இழுவை சரி, டீசல் பம்ப்பின் லெவர் அதன் எல்லைத் தடுப்பு வரை போகிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் புதுசு. எஞ்சின் அறை மூடியைத் திறந்துவைத்து ஓட்டியும் பார்த்தாயிற்று. சுற்று கூடவில்லை, ஆகவே காற்றுக்கு மூச்சுமுட்டவில்லை. இவை மூன்றும் சரி என்றால் பழியைப் புரொப்பெல்லர்மேல் போடலாம்.

2050-இல் சாஃப்ட் சுற்று 1025. கணக்குப்படி புரொப்பெல்லர் அங்கே கேட்பது சுமார் 108 எச்.பி. எஞ்சின் அந்தச் சுற்றில் தரக்கூடியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டும் சமமாகிற இடத்தில் எஞ்சின் சுற்று ஏறாமல் நிலைத்துவிடுகிறது. லெவரை இன்னும் எவ்வளவு அழுத்தினாலும் அதற்குமேல் ஏறாது. கவர்னர் தன்னால் முடிந்த டீசல் முழுவதையும் ஊற்றிக்கொண்டிருக்கிறது. டர்போவோ அந்தக் குறைந்த சுற்றில் முழுக் காற்றைத் தர முடியாமல் இருக்கிறது. எரியாத டீசல்தான் கரியாகப் புகைபோக்கியில் வருகிறது. எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், வால்வும் பிஸ்டன் தலையும் வேகும், டர்போவில் கரி படியும். மேட்டில் டாப் கியரிலேயே லாரியை இழுக்கிற டிரைவரை என்ன சொல்வோம்? லாரிக்காவது மேடு முடியும். கடலில் இந்த மேடு முடிவதே இல்லை.

டார்க், அதாவது முறுக்குவிசைக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். 120 எச்.பி.யை 2600-இல் கொடுக்க எஞ்சினுக்குச் சுமார் 330 நியூட்டன் மீட்டர் போதும். 108 எச்.பி.யை 2050-இல் கொடுக்கச் சுமார் 375 வேண்டும். சக்தி குறைவு, ஆனால் கிராங்க் மேலும் பேரிங் மேலும் விழுகிற பளு அதிகம். உரிமையாளர் இதைக் கேட்டு, "அப்போ குறைச்சு ஓட்டினா எஞ்சின் சொகுசா இருக்கும்னு சொல்றதெல்லாம்?" என்றார். லெவரைக் குறைத்து ஓட்டினால் சொகுசுதான். லெவர் முழுசாக இருந்தும் சுற்று குறைவாக இருந்தால் அது சொகுசு இல்லை.

இனித் தீர்வு. எல்லோரும் முதலில் சொல்வது பிட்ச்சைக் குறைக்கலாம் என்பதுதான். பொதுவான கைக்கணக்கு ஒன்று உண்டு: பிட்ச்சில் ஒரு இன்ச் குறைத்தால் எஞ்சின் சுற்று 150 முதல் 200 வரை கூடும். பட்டறையில் இறக்கையைச் சூடாக்கித் திருகி ஓரிரு இன்ச் வரை மாற்றலாம். இங்கே தேவைப்பட்டது 550 சுற்று. அந்த அளவுக்குத் திருகினால் இறக்கையின் வடிவமே கெட்டுவிடும். விட்டத்தை வெட்டிக் குறைப்பதும் சிலர் செய்வதுதான். வெட்டிய நுனிகள் மொண்ணையாக நிற்கும், அதிர்வு வரும்.

புதுப் புரொப்பெல்லர் வாங்கலாம். அதே விகிதத்தில் 22×15 என்று வைத்தால், 22-ஐ 25-ஆல் வகுத்து ஐந்தாம் படி எடுங்கள், 0.53 வரும். 220-இல் அதைப் பெருக்கினால் 116 எச்.பி. 1300 சாஃப்ட் சுற்றுக்கு அழகாகப் பொருந்துகிறது. காகிதத்தில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. மெதுவாகப் போகிற கனமான படகுக்கு, பெரிய விட்டமும் குறைந்த சுற்றும்தான் நல்லது. நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். கையில் ஏற்கெனவே நல்ல பெரிய புரொப்பெல்லர் இருக்கும்போது அதைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டுவானேன்?

மாற்ற வேண்டியது கியர்பாக்ஸ் விகிதம். அதே கியர்பாக்ஸ் குடும்பத்தில் இரண்டரைக்கு ஒன்று இருந்தது. 2600-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1040. பழைய எஞ்சினின் 1000-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. 1040-இல் புரொப்பெல்லர் கேட்பது 112 எச்.பி. எஞ்சினிடம் இருப்பது 120. கியர்பாக்ஸ் தின்பது போகவும் மிச்சம் இருக்கும். மூன்றுக்கு ஒன்றும் இருந்தது. அதற்கு 28 இன்ச் அளவில் புரொப்பெல்லர் வேண்டும், சிக்கனம் இன்னும் கூடும். ஆனால் இறக்கை நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே இருந்த இடைவெளி நாலு இன்ச். விட்டத்தில் குறைந்தது பத்து சதவீதம், முடிந்தால் பதினைந்து சதவீதம் இடைவெளி விட வேண்டும். 28 வைத்தால் மிஞ்சுவது இரண்டரை இன்ச், ஒன்பது சதவீதம். ஒவ்வொரு இறக்கையும் கடந்து போகும்போது அடிப்பலகையில் தண்ணீர் அறையும். வேண்டாம் என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். வேகமாகச் சுற்றுகிற எஞ்சினை நேரடியாகப் புரொப்பெல்லரோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பதைச் சார்லஸ் பார்சன்ஸ் தன் நீராவி டர்பைன் படகு டர்பினியாவில் கண்கூடாகப் பார்த்தார். 1894-இல் இறக்கிய அந்தப் படகில் முதலில் ஒரே சாஃப்ட். டர்பைனிடம் சக்தி இருந்தது, ஆனால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. புரொப்பெல்லர் அளவுக்குமீறிச் சுற்றியதில் இறக்கைகளைச் சுற்றி ஆவிக்குமிழிகள் உண்டாகி, தண்ணீரைப் பிடிக்க முடியாமல் போயிற்று. அதை ஆராய அவர் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு தண்ணீர்த் தொட்டியையே செய்தார். கடைசியில் மூன்று சாஃப்ட், ஒவ்வொன்றிலும் மூன்று புரொப்பெல்லர் என்று சுமையைப் பிரித்துப்போட்டார். 1897-இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அந்தப் படகு 34 நாட் (மணிக்கு 34 கடல்மைல்) வேகத்தில் பாய்ந்தது வேறு கதை. பிறகு டர்பைன் கப்பல்களுக்குக் குறைப்புக் கியர் வந்தது. எஞ்சினுக்குப் பிடித்த சுற்று வேறு, தண்ணீருக்குப் பிடித்த சுற்று வேறு. இரண்டுக்கும் நடுவே சமரசம் பேசத்தான் கியர்பாக்ஸ்.

சரி, படகுக்கு வருவோம். கியர்பாக்ஸ் மாற்றப் படகை மேலே ஏற்றியபோது புரொப்பெல்லரையும் கழற்றி அளந்தேன். இறக்கைகள் பொருந்தியிருக்கும் நடுக்குடத்தில் 25×17 என்று அடித்திருப்பது வாங்கிய நாளின் அளவு. இன்றைய அளவு வேறாக இருக்கலாம். அளப்பது கஷ்டமில்லை. சமதளமான மேசையில் புரொப்பெல்லரை, தண்ணீரைத் தள்ளும் முகம் மேலே தெரியும்படி வையுங்கள். நடு மையத்திலிருந்து ஆரத்தின் பத்தில் ஏழு பங்கு தூரத்தில் ஒவ்வொரு இறக்கையிலும் சாக்பீசால் ஒரு வில் வரையுங்கள். 25 இன்ச்சுக்கு அது எட்டே முக்கால் இன்ச். அந்த வட்டத்தின் சுற்றளவு 55 இன்ச். வில்லின்மேல், கிடைமட்டமாக 6 இன்ச் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் குறித்து, மேசையிலிருந்து இரண்டின் உயரத்தையும் அளந்து கழியுங்கள். வித்தியாசத்தை 6-ஆல் வகுத்து 55-ஆல் பெருக்கினால் பிட்ச். வித்தியாசம் 1.85 இன்ச் வந்தால் பிட்ச் 17. இரண்டு இறக்கைகளில் அப்படியே வந்தது. மூன்றாவதில் 1.75, அதாவது 16 இன்ச்தான். எப்போதோ எதிலோ மோதி, யாரோ தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். மூன்று இறக்கையும் ஒரே அளவில் தண்ணீரைத் தள்ளாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் சாஃப்ட் ஒரு பக்கமாக உதறும். ஸ்டெர்ன் பேரிங் (படகின் பின்முனையில் சாஃப்டைத் தாங்கும் பாகம்) அடிக்கடி தேய்வதாக உரிமையாளர் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கக்கூடும். பட்டறையில் மூன்றையும் 17-க்குக் கொண்டுவந்து பேலன்ஸ் பார்த்து வாங்கினோம்.

கியர் விகிதம் மாற்றுகிறவர்கள் சாஃப்ட் சுற்றும் திசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில கியர்பாக்ஸில் விகிதம் மாறினால் வெளியே வரும் திசையும் மாறும். வலச்சுற்றுப் புரொப்பெல்லரை இடப்பக்கம் சுற்றினால் லெவரை முன்னால் தள்ளும்போது படகு பின்னால் போகும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், படகுத்துறையில் நடக்கும்போது இருக்காது.

சோதனை ஓட்டம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஆழமான தண்ணீரில், முழு லெவரில் சில நிமிடம். நீரோட்டத்தின் பங்கு கழிவதற்காக, போன வழியிலேயே எதிர்த்திசையில் திரும்பியும் வந்து இரண்டு வேகத்தையும் சராசரி எடுக்க வேண்டும். கரையில் கயிறு கட்டி முழு லெவர் தள்ளிப் பார்க்கிறவர்கள் உண்டு. நகராத படகில் புரொப்பெல்லரின் பளு மிக அதிகம், சுற்று குறைவாகத்தான் வரும். அதை வைத்துப் புரொப்பெல்லர் அளவை முடிவு செய்யக் கூடாது. எங்கள் ஓட்டத்தில் வந்தது 2620. இருபது சுற்றுதானே கூடுதல் என்று நினைக்காதீர்கள். 2600-ஐத் தாண்டியதுமே கவர்னர் டீசலைக் குறைக்கத் தொடங்கிவிடும், அதனால் அந்த இருபதுக்குள்ளேயே கொஞ்சம் சக்தி மிச்சம் ஒளிந்திருக்கிறது. புகைபோக்கி வாயில் வெறும் வெப்பக்காற்றின் நடுக்கம்தான் தெரிந்தது.

வேகம்? முன்பு 8.1 நாட். இப்போது 8.2.

உரிமையாளர் முகம் சுருங்கியதில் நியாயம் இருந்தது. இவ்வளவு செலவு செய்து கால் நாட்கூடக் கூடவில்லையே! ஆனால் கூட வேண்டிய காரணமும் இல்லை. முன்பு 1025-இல் சுற்றிய அதே சாஃப்ட் இப்போது 1048-இல் சுற்றுகிறது. தண்ணீருக்கு எஞ்சின் மாறியதே தெரியாது. 17 இன்ச்சை 1048-ஆல் பெருக்கி 1215-ஆல் வகுத்தால், வழுக்கலே இல்லாமல் போயிருந்தால் கிடைக்கும் வேகம் 14.7 நாட். கிடைத்தது 8.2. வழுக்கல் 44 சதவீதம். இந்த வகைப் படகுக்கு அது சாதாரணம்தான். வேறுபாடு முழுவதும் எஞ்சினுக்குள்ளே. முன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு தந்ததை இப்போது தன் சுற்றில் நின்று தருகிறது.

அவர் விடவில்லை. "தம்பி, நான் ஏழு நாட்லதான் எப்பவும் போறேன். முன்னாடி 1700-ல அமைதியா போச்சு. இப்ப 2100-க்கு மேல கத்துது. பழசே மேல் இல்லையா?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏழு நாட்டுக்குத் தேவை அறுபது எச்.பி. சொச்சம். அதை 1700-இல் எடுப்பது எஞ்சினுக்குச் சிரமமான பளு இல்லை. சொல்லப்போனால் டீசல்கூட ஒரு சொட்டு மிச்சமாகலாம். வேண்டுமென்றே கொஞ்சம் பெரிய புரொப்பெல்லர் வைத்து, எக்ஸாஸ்ட் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு, லெவரை ஓர் எல்லைக்குமேல் தள்ளாமல் ஓட்டுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு ஒரே ஆள்தான் எப்போதும் லெவரைப் பிடிக்க வேண்டும். எதிர்க்காற்று, அலை, பின்னால் கட்டி இழுக்கும் இன்னொரு படகு, இப்படி ஏதாவது வந்தால் அதே 1700-இல் பளு ஏறிவிடும். மீட்டரில் சுற்று மாறாததால் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின் என்றால் லோடு சதவீதம் காட்டும். இந்த எஞ்சினில் அது கிடையாது, வெப்பமானியும் கிடையாது. படகை ஓட்டுவது இரண்டு மூன்று பேர். போதாததற்கு எஞ்சின் கம்பெனிகளின் வாரன்ட்டி விதியில் பொதுவாக முதலில் கேட்பதே முழு லெவரில் குறித்த சுற்று வந்ததா என்பதுதான். இதையெல்லாம் சொன்ன பிறகு அவர் சத்தத்துக்கு என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார். எஞ்சின் அறைக்கு ஒலித்தடுப்புப் பஞ்சு ஒட்டினார்கள். காற்றுவழியை மட்டும் மூடிவிடாதீர்கள் என்றேன்.

2620, 8.2 நாட், அன்றைய டீசல் அளவு, சரக்கு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து லெவருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். சில மாதம் கழித்து அழைத்தார். முழு லெவரில் 2520-தான் வருகிறது, லேசாகப் புகையும் தெரிகிறது, பிட்ச்சைக் குறைக்கட்டுமா? அடியில் சிப்பி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றேன். புரொப்பெல்லர் இறக்கையிலேயே சொரசொரவென்று படிந்திருந்ததாம். சுரண்டிவிட்டு ஓட்டினார்கள், 2610.